தொண்டை வலிக்குப் பின் வரும் நடுக்கக் காய்ச்சல்: லெமியர் நோயைக் கண்டறிந்து குணப்படுத்தும் வழி

தொண்டை வலியோடு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. அந்தப் பெருங்கூட்டத்துக்குள் கண்ணில் படாமல் ஒளிந்திருந்து, ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஒரு சிலருக்கு என்ற அளவில் வருவது லெமியர் நோய். தொண்டையில் தொடங்கிய பாக்டீரியாத் தொற்று கழுத்தின் ஆழத்தில் ஓடும் பெரிய சிரைக்குள் இறங்கி, அங்கே இரத்தத்தை உறையச் செய்து, சீழ் கலந்த அந்த உறைவின் துணுக்குகளை நுரையீரலுக்கும் மூட்டுகளுக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் இந்நோய். டென்மார்க்கில் 1998 முதல் 2001 வரை நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, பொதுவாகப் பத்து இலட்சம் பேருக்கு ஆண்டுக்கு 3.6 பேராக இருந்த எண்ணிக்கை, 15 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களிடம் 14.4 ஆக இருந்தது. அதுவரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருந்த இளையவர்களைத்தான் இது தேடி வருகிறது. நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள் என்பதால், கண்டுபிடிக்கும் வழியைப் பற்றி நிதானமாக எழுதுவது தேவை என்று நினைக்கிறேன்.

முதல்நிலை மருத்துவம் பார்க்கும் இளம் மருத்துவர்களையும், நோயாளியின் அருகில் இருந்து கவனிக்கும் செவிலியரையும் குடும்பத்தாரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இதில் வரும் மருந்துகளும் அளவுகளும் மருத்துவமனையில், மருத்துவரின் பொறுப்பில் மட்டுமே பயன்படுத்தத்தக்கவை. வீட்டில் இருந்தபடி இந்நோய்க்குச் செய்யக்கூடிய சிகிச்சை எதுவும் கிடையாது. வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது, அறிகுறியைக் கண்டவுடன் மருத்துவமனைக்குக் கிளம்புவதுதான்.

நோய் போகும் பாதை

காரணமான பாக்டீரியாவின் பெயர் பியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் இனம் இது. இதைத் தவிர, இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு பாக்டீரியாக்கள், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆகியவையும், நீரிழிவு உள்ளவர்களிடம் சில வேளைகளில் கிளெப்சியெல்லாவும் இதே நோயை உண்டாக்குவது உண்டு. பெரும்பாலும் டான்சில் பகுதியில் இருந்தே தொடங்கும். பல்லில் உள்ள சீழ், காதுத் தொற்று ஆகியவற்றிலிருந்து தொடங்குவதும் உண்டு.

டான்சிலுக்குச் சற்று வெளிப்புறமாக, கழுத்தின் பக்கவாட்டில், ஒரே உறைக்குள் மூன்று முக்கியமான உறுப்புகள் சேர்ந்து ஓடுகின்றன: மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி, மூளையிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் உள் ஜுகுலர் சிரை, வேகஸ் நரம்பு. டான்சிலைச் சுற்றியுள்ள சிறு சிரைகளின் வழியாகவோ, இடையிலுள்ள திசுக்களின் வழியாகவோ தொற்று இந்த உறையை அடைந்துவிட்டால், அழுத்தம் குறைந்த, மெல்லிய சுவர் கொண்ட சிரைதான் முதலில் பாதிக்கப்படுகிறது. அந்தச் சிரை நேராக இதயத்தின் வலப்பக்கத்துக்கு வடிகிறது. அங்கிருந்து இரத்தம் போகிற அடுத்த இடம் நுரையீரல். ஆகவேதான் தொண்டை, கழுத்து, நுரையீரல் என்ற வரிசையில் நோய் நகர்கிறது. இந்த வரிசையை மனத்தில் பதித்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகிற கேள்விகளும் சோதனைகளும் தாமாகவே நினைவுக்கு வரும்.

பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே லெமியர் 1936ஆம் ஆண்டில் லான்செட் இதழில் இப்படிப்பட்ட 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 18 பேர் இறந்துவிட்டனர். ஆனால் இந்த அறிகுறிகளின் கோவையை ஒருமுறை தெரிந்துகொண்டவர் அதைத் தவறவிடுவது ஏறக்குறைய இயலாத காரியம் என்பதே அவருடைய கருத்தாக இருந்தது. பென்சிலின் புழக்கத்துக்கு வந்த பிறகு நோய் மிகவும் அருகி, மருத்துவர்களே இதை மறந்த நோய் என்று குறிப்பிடும் நிலை வந்தது. இன்று உயிரிழப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. அந்த ஐவரைக் காப்பாற்றப் புதிதாக ஒரு மருந்து கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பதைவிட, நோயை இரண்டு நாள் முன்னதாகச் சந்தேகிக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

கேட்க வேண்டிய கேள்வி

நோயாளி நம் முன் வந்து உட்காரும் நாளில் தொண்டை வலி பெரும்பாலும் குறைந்துபோயிருக்கும். அவர் சொல்வது காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். அப்போது ‘தொண்டை வலிக்கிறதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதில் வரும், அதோடு விஷயம் கைநழுவிப் போகும். ‘கடந்த மூன்று வாரத்துக்குள் தொண்டை வலி வந்து போயிற்றா’ என்று கேட்க வேண்டும். வழக்கமாகத் தொண்டை வலி தொடங்கிய நான்கிலிருந்து ஏழு நாளுக்குள், சில வேளைகளில் இன்னும் தாமதமாக, காய்ச்சல் மறுபடி ஏறுகிறது. தேறி வந்த உடல்நிலை திடீரென்று முன்பைவிட மோசமாவதுதான் இந்நோயின் முதல் அடையாளம்.

அந்தக் காய்ச்சலின் தன்மையை விவரமாகக் கேளுங்கள். குளிராக இருந்தது என்று சொல்வதற்கும் நடுக்கம் எடுத்தது என்று சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பல் கிடுகிடுத்து, கட்டில் ஆட, கையில் கொடுத்த தம்ளரைப் பிடிக்க முடியாமல் தண்ணீர் சிந்தி, மூன்று போர்வை போர்த்தியும் அடங்காமல் கால் மணி நேரம் நீடித்தது என்றால், அது பாக்டீரியா இரத்தத்தில் கலந்திருப்பதன் அடையாளமாக இருக்கக்கூடும். நோயாளிக்கு அது சரியாக நினைவில் இருக்காது. உடன் இருந்த தாயிடமோ அறைத்தோழரிடமோ கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். அடுத்து, கழுத்து ஒரு பக்கமாக வலிக்கிறதா, தலையைத் திருப்பும்போது அதிகமாகிறதா, மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவில் குத்துகிறதா, சளியில் இரத்தம் வந்ததா, இடுப்பு, தோள், முழங்கால் மூட்டுகளில் வலி உண்டா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். இதுவரை எந்த மாத்திரை சாப்பிட்டார் என்பதையும் பெயரோடு எழுதிக்கொள்ள வேண்டும். அசித்ரோமைசின் சாப்பிட்டும் குறையவில்லை என்ற தகவல் இங்கே மிகவும் மதிப்புள்ளது. அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

கழுத்தில் கை வைத்துப் பார்த்தல்

காதுக்குப் பின்னாலுள்ள எலும்பிலிருந்து மார்பெலும்பின் மேல்முனை வரை சாய்வாக இறங்கும் தசையை எல்லோரும் தொட்டு உணரலாம். உள் ஜுகுலர் சிரை அதற்கு அடியிலேயே ஓடுகிறது. நோயாளியைச் சாய்வாக உட்காரவைத்து, பார்க்கப்போகும் பக்கம் தலையைச் சற்றே சாய்க்கச் சொன்னால் தசை தளர்ந்து கொடுக்கும். விரல்களின் நுனியால் அல்லாமல் விரல்களின் உட்பகுதியால், தாடைக் கோணத்திலிருந்து தொடங்கி, தசையின் முன்விளிம்பை ஒட்டியே மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். முதலில் வலி இல்லாத பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு வலிக்கும் பக்கத்துக்கு வந்தால்தான் வேறுபாடு கைக்குத் தெரியும்.

நெறிகட்டியிருந்தால் உருண்டையாக, தனித்தனியாக, விரலுக்கு அடியில் நழுவும். சிரையில் தொற்று இருந்தால் வலி ஒரு புள்ளியில் நிற்காமல் ஒரு கோடாக இறங்கும். தாடைக் கோணத்துக்குக் கீழே கெட்டியான வீக்கமும், சிலரிடம் கயிறு போன்ற ஒரு தடிப்பும் தட்டுப்படும். அந்தக் கயிற்றுத் தடிப்பைப் பாடநூல்கள் விரும்பிச் சொன்னாலும், நடைமுறையில் அது பலரிடம் கிடைப்பதில்லை. கழுத்து வீக்கமும் வலியுமேகூட ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் தெரிகின்றன. ஆகவே கழுத்தில் எதுவும் இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. கழுத்தை அழுத்திப் பிசைவதும், வலிக்கு எண்ணெய் தேய்த்து நீவுவதும் உறைவைப் பெயர்த்துவிடக் கூடும் என்பதால், குடும்பத்தாரிடம் இதைத் தெளிவாகச் சொல்லித் தடுக்க வேண்டும்.

பிறகு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நோயாளியின் மூன்று விரல்கள் செங்குத்தாக நுழையும் அளவுக்கு வாய் திறக்கவில்லை என்றால், தொற்று தொண்டைச் சுவரைக் கடந்து தாடைத் தசைகளை எட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். டான்சில் சிவந்து வெள்ளை படிந்திருக்கலாம், இயல்பாகவும் இருக்கலாம். ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள், ஆக்சிஜன் அளவைக் குறியுங்கள், கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு பெரிய மூட்டையும் அசைத்துப் பாருங்கள்.

திசைதிருப்பும் அடையாளங்கள்

இந்நோயைப் பல வேறு நோய்களாக நினைத்துவிட முடியும், அப்படி நினைப்பதற்கு ஒவ்வொரு முறையும் நியாயமான காரணமும் இருக்கும். மார்பு எக்ஸ்-ரேயில் புள்ளிகள் தெரிவதால் நிமோனியா என்று எழுதப்படுகிறது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சல் போலத் தோன்றும். கழுத்தைத் திருப்ப முடியாமல் தலைவலியும் இருந்தால் மூளைக்காய்ச்சல் என்ற எண்ணம் வருகிறது. எல்லாவற்றிலும் சிக்கலானது எப்ஸ்டைன்-பார் வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சல். அதற்கான சோதனை உண்மையாகவே பாசிட்டிவ் ஆக இருக்க, அதே நோயாளிக்கு அதன் தொடர்ச்சியாக லெமியர் நோயும் வந்திருக்கக்கூடும். வைரஸ் என்று தெரிந்துவிட்டதே என்று அங்கே நிறுத்திவிடுவது பெரிய பிழையாக முடியும்.

தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுக்கும் விரைவுச் சோதனை ‘ஏ’ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸை மட்டுமே தேடுகிறது, தொண்டையிலிருந்து எடுத்ததை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சரிலும் காற்றில்லாச் சூழலில் வளரும் பாக்டீரியா முளைக்காது. அவை இயல்பாக வந்தால் இந்நோயைப் பொறுத்தவரை எந்த ஆறுதலும் கொள்ள வேண்டாம்.

சோதனைகள்

இரத்தக் கல்ச்சர்தான் நோயை நிரூபிக்கும் சோதனை. ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன், இரண்டு வேறு இடங்களிலிருந்து இரண்டு தொகுதி எடுக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஆக்சிஜன் உள்ள புட்டி ஒன்றும் ஆக்சிஜன் இல்லாத புட்டி ஒன்றும் இருக்கும். பெரியவர்களுக்கு ஒவ்வொரு புட்டிக்கும் 8 முதல் 10 மில்லி லிட்டர் இரத்தம் தேவை. அவசரத்தில் இரத்தம் போதாமல் போனால் ஆக்சிஜன் உள்ள புட்டியை மட்டும் நிரப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்தால் இந்தப் பாக்டீரியா கிடைக்கவே கிடைக்காது. இங்கே ஒரு சிறு கைப்பழக்கம் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. சிரிஞ்சில் எடுத்த இரத்தத்தை ஊற்றும்போது ஆக்சிஜன் இல்லாத புட்டியை முதலில் நிரப்ப வேண்டும், ஏனென்றால் சிரிஞ்சின் மேல்பகுதியில் தங்கியிருக்கும் காற்று கடைசியில்தான் வெளியேறும். குழாய் பொருத்திய பட்டாம்பூச்சி ஊசியால் நேரடியாக எடுத்தால் வரிசை தலைகீழாகிவிடும். குழாயில் உள்ள காற்று முதலில் வருவதால், ஆக்சிஜன் உள்ள புட்டியே முதலில் போக வேண்டும். ஆய்வகச் சீட்டில் லெமியர் நோய்ச் சந்தேகம் என்று எழுதினால், மெதுவாக வளரும் பாக்டீரியாவுக்காகப் புட்டிகளைக் கூடுதல் நாள் வைத்துப் பார்ப்பார்கள்.

வெள்ளையணுக்கள், உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., தட்டணுக்கள், கிரியாட்டினின், பிலிருபின், லாக்டேட் ஆகியவை நோயின் கடுமையைச் சொல்லும், பெயரைச் சொல்லமாட்டா.

படமெடுக்கும் சோதனைகளில் முதன்மையானது, இரத்தக்குழாய்களைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து கழுத்து முழுவதும், அதே அமர்வில் மார்பும் எடுக்கப்பட வேண்டும். கழுத்தை மட்டும் எடுத்தால் நோயின் பாதி தெரியாது. மார்பை மட்டும் எடுத்தால் நோயின் காரணம் தெரியாது. சிரைகளில் மருந்து நிறையும் நேரத்தில் படம் எடுக்க வேண்டும் என்பதை ரேடியாலஜிஸ்டிடம் நேரில் பேசிச் சொல்லிவிடுவது நல்லது. படத்தில் நல்ல பக்கத்துச் சிரை வெள்ளையாக நிறைந்திருக்க, நோயுள்ள பக்கத்துச் சிரை வெளிவட்டம் மட்டும் ஒளிர்ந்து நடுவில் சாம்பல் நிறமாகத் தெரியும். நுரையீரலின் ஓரங்களில் பல சிறு முடிச்சுகள் சிதறியிருக்கும். அவற்றில் சில நடுவில் குழிந்திருக்கும். நுரையீரல் உறையில் நீர் சேர்ந்திருக்கலாம்.

நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோக முடியாத நிலையிலும், கதிர்வீச்சையோ கான்ட்ராஸ்ட் மருந்தையோ தவிர்க்க வேண்டியவர்களிடமும் அல்ட்ராசவுண்ட் உதவும். ஆனால் தாடை எலும்புக்கு அடியிலும் காறை எலும்புக்குப் பின்னாலும் அது எட்டாது; புதிதாக உண்டான உறைவும் அதில் மங்கலாகவே தெரியும். ஆகவே அல்ட்ராசவுண்ட் இயல்பாக இருக்கிறது, சந்தேகம் மட்டும் போகவில்லை என்றால் சி.டி.க்குப் போக வேண்டும்.

சிகிச்சை

கல்ச்சர் முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிவைக்கக்கூடாது. இரத்தம் எடுத்தவுடன் மருந்து தொடங்க வேண்டும். இரத்த அழுத்தம் இறங்கி அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் உள்ளே போய்விட வேண்டும். கூடவே ஆக்சிஜன், சிரைவழித் திரவம், மூச்சுப்பாதை அடைபடாமல் கவனிப்பது ஆகியவை நடக்க வேண்டும்.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விவரங்களை நினைவில் வைக்க வேண்டும். பியூசோபாக்டீரியத்தில் சில வகைகள் பென்சிலினைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவதால் பென்சிலினை மட்டும் நம்ப முடியாது. அசித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடு மருந்துகளுக்கு இந்தப் பாக்டீரியா இயல்பிலேயே பணியாது. ஜென்டாமைசின் வகை மருந்துகளும் பயன்படா. பென்சிலின் ஒவ்வாமை என்று சொல்லி மேக்ரோலைடு பெற்றவர்களிடம் நோய் தடையில்லாமல் முன்னேறுவது இதனால்தான். பெரியவர்களுக்குப் பிப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம் 6 அல்லது 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆம்பிசிலின்-சல்பாக்டம் 3 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது செப்ட்ரியாக்சோன் 2 கிராம் நாளுக்கு ஒருமுறையோடு மெட்ரோனிடசோல் 500 மில்லி கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று சிரைவழியாகத் தொடங்கலாம். கடுமையான நிலையில் மெரோபெனெம் 1 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை தரலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் அளவுகளைத் திருத்த வேண்டும். மெட்ரோனிடசோல் இந்தப் பாக்டீரியாவை நன்றாகக் கொல்லும் என்றாலும், உடன் இருக்கக்கூடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸை அது தொடாது என்பதால் அதைத் தனியாகக் கொடுப்பது சரியல்ல.

மொத்தச் சிகிச்சைக் காலம் பொதுவாக 3 முதல் 6 வாரம். முதல் இரண்டு வாரமாவது ஊசி மருந்து தொடர்வது வழக்கம். நிலைமை திடமான பிறகு மாத்திரைக்கு மாறலாம். உறைவுக்குள்ளும் சீழ்க்கட்டிக்குள்ளும் மருந்து மெதுவாகத்தான் ஊடுருவுகிறது. அதனால் சரியான மருந்து கொடுத்தும் காய்ச்சல் ஒரு வாரம் வரையிலும் அதற்கு மேலும் நீடிப்பது உண்டு. இதைக் குடும்பத்தாரிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளில் நம்பிக்கை தளர்ந்து, மருத்துவமனை மாற்றும் பேச்சு வந்துவிடும். மருத்துவரும் பதற்றத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை மாற்றிவிடுவார். பார்க்க வேண்டியது, நடுக்கம் குறைகிறதா, மூச்சு சீராகிறதா, சி.ஆர்.பி. இறங்குகிறதா என்பதைத்தான். இவை எதுவும் நகரவில்லை என்றால் வடியாத சீழ் எங்கோ இருக்கிறது என்று கருதி, மறுபடி ஸ்கேன் எடுத்துத் தேட வேண்டும். டான்சிலை ஒட்டிய கட்டி, கழுத்தின் ஆழத்துக் கட்டி, நுரையீரல் உறையில் சேர்ந்த சீழ், மூட்டுச் சீழ் ஆகியவற்றை வெளியேற்றாமல் மருந்து மட்டும் வெல்லாது. சிரையையே கட்டிவிடும் அறுவை சிகிச்சை முன்பு வழக்கமாக இருந்தது. இன்று, மருந்துக்கும் வடிகாலுக்கும் அடங்காமல் துணுக்குகள் தொடர்ந்து போகும் மிகச் சிலருக்கே அது தேவைப்படுகிறது.

இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து தர வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நோய் அரிது என்பதால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கவில்லை. உறைவு மண்டைக்குள் இருக்கும் சிரைகளை நோக்கி ஏறும்போதும், சரியான ஆன்டிபயாடிக் நடந்துகொண்டிருக்கும்போதே பெரிதாகும்போதும் தருவது நியாயம் என்றே நான் கருதுகிறேன். தட்டணுக்கள் மிகவும் குறைந்திருப்பவரிடமும், இரத்தம் துப்புகிறவரிடமும் பொறுத்திருப்பது நல்லது. உறைவுத் தடுப்பு மருந்தாக வார்ஃபரினைத் தேர்ந்தெடுத்தால், மெட்ரோனிடசோல் அதன் வீரியத்தை வெகுவாகக் கூட்டும் என்பதால் இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். சோதனையை அடிக்கடி செய்ய வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது மருந்து முடியும் தேதியை எழுதிக் கொடுங்கள். உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்துவது இளையவர்களிடம் சாதாரணமாக நடப்பது. மெட்ரோனிடசோல் தொடர்கிறவரை மதுவைத் தவிர்க்க வேண்டும். கைகால் விரல்களில் மரத்துப்போதல் தொடங்கினால் உடனே சொல்ல வேண்டும். உறைந்த சிரை பலரிடம் மீண்டும் திறந்துகொள்கிறது. திறக்காமல் போனாலும் அக்கம்பக்கத்துச் சிரைகள் அந்த வேலையை எடுத்துக்கொள்வதால் பொதுவாகத் தொல்லை இருப்பதில்லை. தொடர்ந்து கவனிக்க வேண்டியது எலும்பும் மூட்டும். காய்ச்சல் விட்டு நன்றாக நடமாடத் தொடங்கியவர், மூன்றாவது நான்காவது வாரத்தில் இடுப்பில் வலி என்று நொண்டிக்கொண்டு வந்தால், படுத்தே கிடந்ததால் வந்த பிடிப்பு என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பாமல், அன்றே சி.ஆர்.பி. பார்த்து, அந்த இடுப்பு மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.